பிரெஞ்சு தெரியாத தாய், பிரெஞ்சு வீட்டுப்பாடம்

கேள்வி: என் மகள் திருகோணமலையில் தரம் 6 படிக்கிறாள். கணவர் பாரிஸில் உணவகமொன்றில் வேலை செய்கிறார். நாங்களும் அங்கே போகவேண்டி வரும் என்பதால் மகளை இணையவழிப் பிரெஞ்சு வகுப்பொன்றில் சேர்த்திருக்கிறேன். வாரந்தோறும் 15 சொற்களைப் பிழையின்றி எழுதப் பழகிவரச் சொல்கிறார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொடுத்தும், ஒவ்வொரு சொல்லையும் 20 தடவை எழுதவைத்தும் பிழைகள் குறையவில்லை. இன்னொரு ரியூசன் வைக்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தைப் பார்த்தேன். கட்டிலைக் குறிக்கும் 'லி' என்ற சொல்லின் நடுவில், ஆங்கிலத்தில் 'ஐ' என்று நாம் சொல்லும் எழுத்து வரவேண்டிய இடத்தில், மகள் ஆங்கில 'ஈ'யை எழுதியிருக்கிறாள். இதைக் கவனக்குறைவு என்று கண்டிக்க வேண்டாம். அந்த 'ஐ' எழுத்துக்குப் பிரெஞ்சில் பெயரே 'ஈ' என்பதுதான். ஆசிரியர் 'எல், ஈ, தே' என்று எழுத்துக்கூட்டிச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையின் கை பழகிய எழுத்துக்கே போயிருக்கும். ஆங்கிலத்தில் 'ஜி', 'ஜே' எனப்படும் இரண்டு எழுத்துகளின் பெயர்களும் பிரெஞ்சில் ஏறத்தாழ இடம்மாறி ஒலிப்பதால் அங்கும் இதே குழப்பம் வரும். ஆகவே, சொற்பட்டியலைத் தொடுவதற்கு முன்னர், 26 எழுத்துகளின் பிரெஞ்சுப் பெயர்களையும் அவள் தடுமாறாமல் சொல்லப் பழகட்டும்.

தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மீனுக்குரிய பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'புவாஸோன்' என்று வரும். நஞ்சுக்குரிய சொல்லும் அப்படியே வரும். மீனில் 'எஸ்' இரட்டிக்கிறது. நஞ்சில் ஒற்றை 'எஸ்' இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே நின்று ஆங்கில 'இஸட்' போல அதிர்ந்து ஒலிக்கிறது. ஈற்றில் நாம் எழுதும் 'ன்' இரண்டிலுமே உண்மையில் இல்லை. அது மூக்கால் ஒலிக்கும் உயிரொலி மட்டுமே. இந்த வேறுபாடுகளைத் தமிழ் எழுத்து மறைத்துவிடும். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் வளரும் பிள்ளை இந்த இரண்டையும் மாற்றி எழுதலாமா?

அடுத்த சிக்கல் எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகள். ஒலித்தபடியே எழுதிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த எழுத்துகளில் பலவற்றை அதே சொல்லின் பெண்பால் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். சிறியது என்று பொருள்படும் 'ப்தி', பெண்பாலில் 'ப்தித்' ஆகும்போது மறைந்திருந்த 'டி' கேட்கிறது; பெரியது என்ற 'க்ரான்', 'க்ராந்த்' ஆகும்போதும் அப்படியே. பெண்பால் வடிவத்தையும் சேர்த்துச் சொல்லவைத்தால் ஈற்றெழுத்தை மனனம் செய்யும் வேலை பாதியாகக் குறையும். துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் உரிய 'போர்', 'ஃபோர்' என்ற சொற்களிலும் ஈற்று 'டி' ஒலிப்பதில்லை. ஆனால் அவை ஆங்கிலத்தில் அவள் அறிந்த அதே எழுத்துகளால் ஆனவை. 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியது நம்முடைய துறைமுகத்தையும் கோட்டையையும்தான் என்று சொல்லிக்கொடுத்தால் அந்த இரண்டு சொற்களும் மறக்கமாட்டா. எனினும் ஆங்கிலத்தை முழுமையாக நம்பிவிடக் கூடாது: முகவரிக்குரிய சொல்லில் ஆங்கிலத்தில் இரண்டு 'டி', பிரெஞ்சில் ஒன்றுதான்.

பெயர்ச்சொற்களை ஒருபோதும் தனியாக எழுதவிடாதீர்கள். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. 'லா', 'ல' என்ற முன்னொட்டையும் சேர்த்தே பாடமாக்க வேண்டும். உயிரெழுத்தில் தொடங்கும் பாடசாலை போன்ற சொற்களில் அந்த முன்னொட்டு சுருங்கிப் பால் தெரியாமல் போவதால், அவற்றுக்கு 'அன்', 'யூன்' சேர்த்து எழுதுவது நல்லது. எழுத்துக்கு மேலே வரும் சாய்கோடுகளைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மாணவரைக் குறிக்கும் 'எலேவ்' என்ற சொல்லில் முதற்கோடு வலப்பக்கமாக ஏறுகிறது, இரண்டாவது கோடு வலப்பக்கமாக இறங்குகிறது, ஒலியும் அதற்கேற்ப வேறுபடுகிறது. நம் மெய்யெழுத்தின் புள்ளியைப் போல இவையும் எழுத்தின் பகுதியே. விடுபட்டால் பிழை என்றே கணக்கிடுங்கள்.

20 தடவை எழுதவைப்பதில் கை உழைக்கும், மனம் வேறெங்கோ போய்விடும். அதற்குப் பதிலாக, நாளுக்கு 5 சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, மீண்டும் திறந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஒப்பிடுவதற்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கத் தேவையில்லை; உங்கள் கண் போதும். பிழைத்த சொல்லை மட்டும் மறுநாள் கேளுங்கள். சரியாக எழுதியவற்றைச் சில நாட்கள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

சொல்வதெழுதலுக்குக் குரல் வேண்டுமே என்பீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் பட்டியலை வாசித்துக் குரற்பதிவாக அனுப்பும்படி கேளுங்கள். தயங்கினால், கணவர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வட்ஸ்அப்பில் அந்த 15 சொற்களையும் சொல்லி அனுப்பலாம். சமையலறையில் கேட்டுப் பழகிய பிரெஞ்சு ஒலிக்கு நல்ல துணை. எழுத்துக்கு மட்டும் அவரைச் சாட்சிக்கு அழைக்காமல், ஆசிரியர் தந்த பட்டியலையே பாருங்கள்.

இன்னொரு ரியூசன் இப்போதைக்கு வேண்டாம். அங்கேயும் இன்னொரு பட்டியல்தான் தருவார்கள். இந்தத் தவணை முடியும்வரை இப்படிச் செய்துபாருங்கள். அதன் பிறகும் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கொப்பிப் பக்கங்களை இப்போதைய ஆசிரியரிடமே காட்டிப் பேசுங்கள்.