மைலேஜ் காருக்கு மாற்று டயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் 46,000 கி.மீ. ஓடிவிட்டது. கம்பெனி டயர் 165/80 ஆர்14. 15 அங்குல அலாய் வீலோடு 185/65 டயர் போட்டால் பிடிப்பு கூடும், மைலேஜும் குறையாது என்கிறார் டயர் கடைக்காரர். நம்பலாமா? (நாமக்கல்)

பதில்: பிடிப்பைப் பற்றிச் சொன்னது சரி. மைலேஜைப் பற்றிச் சொன்னது வியாபாரம்.

உயரக் கணக்கு இடிக்காது. 165/80 ஆர்14 என்றால் 165 டயரின் அகலம் (மி.மீ.), 80 அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் (சைடுவால்) உயரம் என்பது, 14 வீலின் விட்டம் (அங்குலம்). உங்கள் டயரின் முழு உயரம் சுமார் 620 மி.மீ.; 185/65 ஆர்15-க்கு 621.5. ஸ்விஃப்டின் மேல் வேரியன்ட்டில் மாருதியே இந்த அளவைப் பொருத்தியிருக்கிறது. அதனால் ஸ்பீடோமீட்டர் தப்பாது. ஆனால் டயர் 20 மி.மீ. அகலமாகிறது, பெரும்பாலும் வீலும் டயரும் சேர்ந்து எடையும் கூடுகிறது. சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் ஊர் ஓட்டத்தில் அந்த எடையை ஒவ்வொரு முறையும் இன்ஜின்தான் சுழற்றியாக வேண்டும். மைலேஜ்தான் முக்கியம் என்றால் 14-லேயே இருங்கள். அலாய்க்குக் கொடுக்கும் பணத்தில் தரமான டயரே வாங்கிவிடலாம்.

"195/65 இருக்கு, விலையும் குறைச்சல்" என்றால் தலையாட்டாதீர்கள். அதன் உயரம் 634 மி.மீ.க்கு மேல், கார் உண்மையில் போவதைவிட மீட்டர் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. கம்பெனி சொன்னதைவிட இவை கூடலாம், குறையக் கூடாது.

கேள்வி: 'ஃப்யூயல் சேவர்' டயர்கள் விலைக்குத் தகுந்தவையா? மழையில் வழுக்கும் என்கிறார்களே? (கடலூர்)

பதில்: டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்ந்து வெப்பமாக வீணாகும் சக்தியைத்தான் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் என்கிறோம். அது 10 சதவீதம் குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் கூடும். சாதாரண டயரைவிட 20 சதவீதம் தடை குறைந்த டயர் வாங்கினீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் கார் 45,000 கி.மீ. ஓட 2,250 லிட்டர் வேண்டும். அதில் மிச்சம் 45 முதல் 90 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே போட்டாலும் டயரின் ஆயுள் முழுவதற்கும் 4,500 முதல் 9,000 ரூபாய். நான்கு டயருக்கும் சேர்த்து விலை வித்தியாசம் இதற்குள் இருந்தால் வாங்கலாம்.

வழுக்கல் பயம் பாதி உண்மை. நல்ல கம்பெனிகள் டிரெட் (தரையைத் தொடும் மேல்பகுதி) ரப்பரில் சிலிக்கா கலந்து, ஈரப்பிடிப்பை விடாமல் தடையைக் குறைக்கின்றன. மலிவான வழியும் ஒன்று உண்டு: ரப்பரைக் கடினமாக்கி, பட்டனின் (டிரெட்டில் உள்ள ரப்பர் மேடுகளின்) ஆழத்தைக் குறைப்பது. அதுதான் ஐப்பசி மழையில் காலை வாரும். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் தரும் பி.இ.இ., டயருக்கும் நட்சத்திர லேபிள் திட்டம் வைத்திருக்கிறது. லேபிள் இருந்தால் எரிபொருள் மதிப்போடு ஈரப்பிடிப்பு மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே மாடலில் அளவுக்கு அளவு மதிப்பு மாறும் என்பதால் உங்கள் அளவுக்கு உரியதைக் கேளுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுகிறவருக்கு எங்கள் ஓட்டு ஈரப்பிடிப்புக்கே.

கேள்வி: நான்கும் புது டயர் போட்ட பிறகு 21 தந்த கார் 19 தருகிறது. அதே பிராண்ட், அதே அளவு. டயர் மட்டமா? (மதுரை)

பதில்: ஒரு பங்கு இயல்பு. மீதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேய்ந்த டயரில் நசுங்கும் ரப்பர் குறைவு. அதனால் மொட்டையாகும் நேரத்தில்தான் டயர் மிகச் சுலபமாக உருளும். அது உயரத்திலும் சுருங்கியிருப்பதால் ஓடோமீட்டர் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டி எண்ணியிருக்கும். ஆக, உங்களுடைய 21-லேயே கொஞ்சம் காற்று இருந்தது. போதாக்குறைக்கு, காரோடு வரும் டயரைக் கம்பெனி மைலேஜை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்கும். கடையில் அதே பெயரில் கிடைப்பது அதே கலவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இவை எல்லாம் சேர்ந்து 21-ஐ 20 ஆக்கலாம். 19 என்றால் வேறு கோளாறும் இருக்கிறது.

முதலில் காற்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பி.எஸ்.ஐ. அளவுதான் கணக்கு, சைடுவாலில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. காலையில் கார் கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நான்கிலும் 6 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விடும், ஓரங்களும் சீக்கிரம் தேயும்.

அடுத்து அலைன்மென்ட். டயர் மாற்றியதும் பேலன்சிங் மட்டும் செய்து அனுப்பிவிடும் கடைகள் உண்டு. முன் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லாகவும் தட்டுப்பட்டால் 'டோ' (சக்கரம் நேரே பார்க்கும் கோணம்) தப்பியிருக்கிறது. டயர் உருளுவதோடு பக்கவாட்டில் தேய்ந்துகொண்டும் போகிறது. அலைன்மென்ட் செய்தால் முன் அளவு, பின் அளவு இரண்டும் உள்ள பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவும் சரியென்றால் ஜாக்கி போட்டு வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிச் சுழன்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைலேஜை டேங்க் நிரப்பி, 400 கி.மீ.யாவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். டேஷ்போர்டு காட்டுவதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்னால் பாதி இருக்கிறது. இரண்டு மட்டும் வாங்கினால் முன்னால்தானே போட வேண்டும்? (தஞ்சாவூர்)

பதில்: இல்லை. புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும். ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றிவிடும், அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். கடையில் முணுமுணுப்பார்கள், விடாதீர்கள். இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். டியூப்லெஸ் ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். பழைய வால்வு அடியில் வெடித்துத்தான் பல புது டயர்களில் காற்று மெல்ல இறங்குகிறது.

கேள்வி: 2017 மாடல் காரின் ஸ்டெப்னி தரையையே தொடவில்லை. ஒரு டயர் மட்டும் வாங்கி அதோடு ஜோடி சேர்க்கலாமா? (காரைக்குடி)

பதில்: வேண்டாம். சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-இன் 32-வது வாரத் தயாரிப்பு. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும், டிக்கி வெயிலில் இன்னும் வேகமாக. பட்டனுக்கு இடையில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது அவசரத்துக்குக்கூட ஆகாது. பல கார்களில் ஸ்டெப்னி அளவே சிறியது. கடையில் வாங்கும் புது டயரிலும் இந்த எண்ணைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் நல்லது, ஒரு வருடம் தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடுமா? (திருப்பூர்)

பதில்: கூடாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காற்று சற்று மெதுவாக இறங்கும், அவ்வளவே. இலவசமாகத் தந்தால் அடித்துக்கொள்ளுங்கள். வழியில் குறைந்தால் பஞ்சர் கடையில் சாதாரணக் காற்றையே நிரப்பலாம், கலந்தால் ஒன்றும் ஆகாது.