அலமாரி நிறையப் பொம்மை

அன்புள்ள அக்கா,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகனுக்கு ஏழு வயது. அலமாரி நிறையப் பொம்மை இருந்தும் “போர் அடிக்குது, புதுசு வாங்கிக் கொடு” என்கிறான். அடுக்ககத்தில் யாராவது ரிமோட் கார் வாங்கிவிட்டால் அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. வாங்கிக் கொடுத்தாலோ நாலு நாளில் மூலையில் கிடக்கிறது. மறுத்தால், “நம்மகிட்ட காசு இல்லையாம்மா?” என்கிறான். பொருளை நம்பாமல் பிள்ளையைச் சந்தோஷமாக வளர்க்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

முடியும். முதல் இரண்டு வாரம் சிணுங்கல் கூடும், அதை மட்டும் தாங்கிக்கொள்ளுங்கள்.

ரிமோட் கார் மூலைக்குப் போவது உங்கள் மகனின் குற்றமில்லை. அது முன்னே போகும், பின்னே போகும், திரும்பும். நாலு நாளில் அவன் அதைப் பார்த்து முடித்துவிட்டான். அட்டைப்பெட்டி அப்படித் தீராது. இன்று பஸ், நாளைக்குக் கடை. அலமாரியில் எட்டுப் பத்துப் பொம்மையை மட்டும் விட்டு, மற்றதைப் பரணில் ஏற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவனையும் உட்கார வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தூங்கும்போது எடுத்து ஒளித்தால் அவனுக்கு அது தண்டனையாகத் தெரியும். நடுவில் ஒன்றைக் கேட்டால் கொடுங்கள், பதிலுக்கு ஒன்று மேலே போகட்டும்.

இதைவிட முக்கியம், தினமும் 20 நிமிடம் அவனோடு தரையில் உட்காருவது. செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். பல்லாங்குழி ஆடுங்கள். பலகை வேண்டாம், சாக்பீஸால் வட்டம் போட்டால் போதும். முறைப்படி பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து, ஆக 70 புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறும் குழியானால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை அடுத்தவருக்கு விட வேண்டும். நாலு சேர்ந்த குழி பசு. யார் பக்கமோ அவருக்கு. ஏழு வயதில் முழு ஆட்டம் நீளம், பாதியில் தோற்பது தெரிந்ததும் கொட்டையை வாரி இறைப்பான். அதனால் பக்கத்துக்கு நாலு குழி, மொத்தம் 40 கொட்டையோடு தொடங்குங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவான். “இந்தக் குழியை எடுத்தா எங்கே போய் நிக்கும்?” என்று வாய்விட்டு எண்ணுங்கள், மெல்ல அவனும் எண்ண ஆரம்பிப்பான். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும் ஆட்டம் முடிந்ததும் கொட்டையை எண்ணி எடுத்து வையுங்கள், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு நிஜ வேலை பிடிக்கும். ஒரு டம்ளர் கோதுமை மாவும் அரை டம்ளர் தண்ணீரும் கொடுத்துப் பிசையச் சொல்லுங்கள். தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத்தான் விட வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் கையெல்லாம் ஒட்டும். ஒட்டினால் ஒரு கரண்டி மாவு தூவச் சொல்லுங்கள். தோசைக்கல் பக்கம் நீங்கள் நில்லுங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆகவே திங்கட்கிழமை காலையில் வேண்டாம், சனிக்கிழமை பாருங்கள். அவன் தேய்த்த சப்பாத்தி கோணலாக இருந்தால் அப்படியே போடுங்கள். அவன் கண்முன்னே திருத்தினால் அடுத்த வாரம் கையே வைக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மால் வேண்டாம். லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது. அதில் ஏறி இறங்கி ஓடவிடுங்கள். இன்னொரு வாரம், உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிற தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

காசைப் பற்றிக் கேட்டால் பொய் வேண்டாம். “இல்லை” என்று சொல்லிவிட்டு அன்று மாலையே உங்களுக்கு ஒரு பார்சல் வந்தால் என்ன நினைப்பான்? “காசு இருக்கு, ஆனா இதுக்கு இப்ப செலவு பண்ணலை” என்று சொல்லுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் தேதியோடு அவனையே எழுத வையுங்கள். 30 நாள் கழித்தும் அதுவே வேண்டுமென்றால் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் அவனே அதைக் கோடு போட்டு அடித்துவிடுவான். அடிக்காமல் அப்போதும் கேட்கிற ஒன்றிரண்டை வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

அன்புடன்