கொழும்பில் ஏ.எல் முடித்த பிள்ளைகள் எந்தக் கம்பஸ் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பல்கலைக்கழகத்தின் பேரா, செலவா, வேலை வாய்ப்பா, பெற்றோரின் சொல்லா, இதில் எது பெரிது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆசிரியரும் இல்லை, கல்வி ஆலோசகரும் இல்லை. வெள்ளவத்தையில் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். ஃபோட்டோகொப்பி, பிரின்ட், ரீலோட் எல்லாம் வருடம் முழுக்க ஓடும், ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட்ஸ் வந்த கையோடு, அரச பல்கலைக்கழக அனுமதிக்கான யூ.ஜி.சி விண்ணப்பம் நிரப்பும் சீசன் தொடங்கும். வீட்டில் லெப்டொப் இருக்கிற பிள்ளைகள்கூட இதற்கு மட்டும் கடைக்கு வருவார்கள். தனியே செய்து எங்காவது பிழை விட்டுவிடுவோமோ என்ற பயம். அதனால் அந்தத் தெரிவுப் பட்டியல் எழுதப்படுவதையும், வெட்டப்படுவதையும், அம்மா வெளியே போனதும் திரும்ப மாற்றப்படுவதையும் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்க்கிறவன் நான்.

நான் பார்த்த அளவில், பேரையும் தரவரிசையையும் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். ஆனால் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டுதான். பிள்ளை இரவில் எங்கே தங்கப்போகிறது என்பது ஒன்று. எத்தனை மாதம் சும்மா இருக்க அந்த வீட்டுக்குப் பொறுமை இருக்கிறது என்பது மற்றது.

வெளிநாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்கே அரச பல்கலைக்கழகத்துக்கு நேரே போய் அனுமதி கேட்க முடியாது. எல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதாவது யூ.ஜி.சி, ஊடாகத்தான். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யூனிகோட், அதாவது குறியீட்டு இலக்கம், இருக்கும். நீங்கள் விரும்பும் ஒழுங்கில் அவற்றை அடுக்க வேண்டும். பிறகு உங்கள் இசட் ஸ்கோரையும் (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிட்ட ஏ.எல் புள்ளி) மாவட்டத்தையும் பார்த்து, பட்டியலில் மேலிருந்து கீழாக எது கிடைக்குமோ அதைத் தருவார்கள். கலைப்பிரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். மற்றப் பாடநெறிகளில் பெரும்பாலானவற்றுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்ட சனத்தொகைக்கு, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டம் என்பது நீங்கள் பிறந்த ஊர் இல்லை, படித்த பாடசாலை இருக்கிற இடம். வன்னியில் மருத்துவம் கிடைக்கிற ஒரு ஸ்கோருக்குக் கொழும்பில் அது கிடைக்காமல் போகும். இதைப் பற்றி எங்கள் கடையில் நடக்காத விவாதம் இல்லை. எழுபதுகளின் தரப்படுத்தலில் (தமிழ் மூல மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட அனுமதி முறை) அடிபட்ட தாத்தா ஒருவர் வந்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. நாடு முழுக்கத் தகுதி பெறுகிறவர்களில் நாலில் ஒரு பங்கினருக்குத்தான் ஏறத்தாழ இடம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே கொழும்புப் பிள்ளைக்குத் தெரிவு என்பது முதலிலேயே சுருங்கித்தான் இருக்கிறது.

சரி, சுருங்கிய அந்த இடத்துக்குள் என்ன நடக்கிறது?

முதலில் இரவு. வெள்ளவத்தையில் வீடு என்றால் கொழும்புப் பல்கலைக்கழகம் பக்கத்தில். மொரட்டுவை என்றால் காலி வீதியில் 101 ஏறிக் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கலாம். ஜயவர்தனபுர என்றால் நுகேகொடை போய் 138 பிடிக்க வேண்டும். களனி கொஞ்சம் அலைச்சல். ஆனாலும் இந்த நாலும் 'வீட்டில் இருந்து போய்வரலாம்' என்ற பெட்டிக்குள் வந்துவிடும். அந்தப் பெட்டிக்கு வெளியே போனதும் அப்பா அம்மா கேட்கிற கேள்வியே மாறிவிடுகிறது. "என்ன கோர்ஸ்?" என்பது போய், "அங்க எங்கட ஆக்கள் யார் இருக்கினம்?" என்று வரும். யாழ்ப்பாணம் பட்டியலில் மேலே ஏறுவதற்கு அந்தக் கம்பஸ் பக்கத்துத் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ ஒரு பெரியம்மா வீடு போதும். பேராதனைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: வளாகத்திலேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. இது ஒரு காரணமா என்று சிரிக்காதீர்கள். "கோயில் இருக்கு, தமிழ்ப் பிள்ளைகள் இருக்கினம், பயமில்லை" என்று சொல்லி ஒரு அம்மா அதை மேலே தூக்கிவைக்கச் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) எல்லாம் கீழே போவதற்கும் பாடநெறியின் தரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அங்கே தெரிந்த வீடு இல்லை, அவ்வளவுதான்.

பெண் பிள்ளை என்றால் இது இன்னும் இறுகும். போன சீசனில் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அம்மாவின் கையில் முந்திய வருட வெட்டுப்புள்ளித் தாள் (எந்த மாவட்டத்துக்கு எந்த ஸ்கோர் வரை இடம் கிடைத்தது என்ற பட்டியல்), மஞ்சள் ஹைலைட்டரால் கோடு கோடாக அடித்தது. கொழும்பு மாவட்ட நிரலில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே, "தம்பி, பேராதனையைக் கீழ போடுங்கோ, யாழ்ப்பாணத்தை வேணுமெண்டா மேல போடலாம், அக்கா இருக்கிறா" என்றார். மகள் வாயே திறக்கவில்லை. நடுவில் அம்மாவுக்குப் போன் வந்து வெளியே போனதும், "அண்ணா, டிராஃப்டாத்தானே சேவ் ஆகும்? பிறகு வீட்டில இருந்து மாத்தலாம்தானே?" என்று கேட்டாள். மாற்றலாம் என்றேன். கடைசியில் எதை மாற்றினாளோ, எனக்குச் சொல்லவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு நோய். கூட்டாளிமார் எங்கேயோ அங்கே. வாட்ஸப் குரூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன் போட்ட ஒழுங்கை அப்படியே மற்றவன் போடுவான். டியூஷன் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் கம்பஸிலும் ஒரே பட்ச்சாக இருக்க வேண்டுமாம். ஸ்கோர் வேறு வேறாக இருக்கும்போது இது எப்படி நடக்கும் என்று கேட்டால் பதில் இல்லை.

இனிப் பொறுமை. என் கணிப்பில் கொழும்பில் இதுதான் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. ஏ.எல் எழுதி, ரிசல்ட்ஸ் வந்து, விண்ணப்பம் போட்டு, வெட்டுப்புள்ளி வந்து, பதிந்து, பீடம் திறந்து முதல் விரிவுரைக்குப் போவதற்குள் ஒரு வருடத்துக்கு மேலே ஓடிவிடும். செகண்ட் ஷை, அதாவது இரண்டாம் முறை ஏ.எல், எடுத்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். அதுவரை பிள்ளை வீட்டில் என்ன செய்யும்? கிராமத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் குறைவு. கொழும்பில் பதில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. காசு கட்டிப் பட்டம் படிக்கிற இடங்கள் என்றால் இராமகிருஷ்ண வீதியில் ஐ.ஐ.டி, மாலபேயில் ஸ்லிட், ஹோமாகமப் பக்கம் என்.எஸ்.பி.எம், இது போதாதென்று சீமா, சீ.ஏ என்று கணக்கியல் கோர்ஸ்கள். "சும்மா இருக்கிற நேரத்துக்கு" என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். முதல் செமஸ்டர் கட்டணம் கட்டியாகிவிடும், கூட்டாளிகள் கிடைத்துவிடுவார்கள், ஒரு பரீட்சையும் பாஸ் பண்ணியிருப்பான். அப்போதுதான் யூ.ஜி.சி தெரிவு வரும். களனியில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழிந்த கணினிப் பட்டத்தை விட்டுவிட்டு, பூச்சியத்தில் இருந்து தொடங்கப் போவானா? அந்த நேரத்தில் அவன் இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவதில்லை, போன வருடத்தை வீணாக்குவதா இல்லையா என்றுதான் யோசிக்கிறான்.

இதோடு இன்னொரு பயமும் சேர்கிறது: அரச கம்பஸில் சேர்ந்தாலும் எப்போது முடியும்? 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. அதற்கு முன் கொவிட், பிறகு 2022 நெருக்கடி. நாலு வருடப் பட்டம் இழுபட்டுப்போன அண்ணன்மார் ஒவ்வொரு தொடர்மாடியிலும் இருக்கிறார்கள். எந்தக் கைநூலையும் விட அவர்கள் சொல்வதற்குத்தான் மதிப்பு.

பணம் என்று பார்த்தால், அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணம் கிடையாது, தகுதி இருந்தால் மஹபொல உதவிப்பணமும் வரும். தனியாரில் இலட்சக் கணக்கு. வெளிநாட்டுப் பட்டம் தருகிற இடங்கள் பலவற்றில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பங்கை ஸ்டேர்லிங் பவுணில் கட்ட வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350 ஐத் தாண்டியபோது பாதியில் நின்ற பிள்ளைகளைத் தெரியும். ரூபாயில் கணக்குப் பார்த்துச் சேர்ந்திருந்தார்கள். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017 முதல் இருக்கிறது, அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அதை விசாரித்துப் பார்க்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், கைக்கு வந்த இலவச இடத்தை விட்டுவிட்டுக் காசு கட்டுகிறவர்களில் நகை அடகு வைத்தவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு மாமா இருந்தால் கணக்கு வேறு.

மொழியைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது உள்ளே இருக்கும். தமிழ் மூலம் ஏ.எல் எழுதிய பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில்தான், எங்கே போனாலும். விரிவுரையைச் சமாளித்துவிடுவார்கள். கன்டீன், ஹொஸ்டல், சீனியர்மார், அலுவலகக் கவுன்டர், இவை எல்லாம் தெற்கில் சிங்களத்தில். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஊரிலிருந்து ஏ.எல்லுக்கு மட்டும் கொழும்பு வந்து அறையெடுத்துப் படித்த பிள்ளை இதனாலேயே யாழ்ப்பாணத்தை மேலே போடும். பகிடிவதையும் (ராகிங்) இந்தக் கணக்கில் சேரும். 1998 இலேயே தடைச்சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் அம்மாக்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைக்கு அது குறைவு என்பதால், திரும்பவும் 'இரவு எங்கே' என்ற கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

வேலை வாய்ப்பு பாடநெறியைப் பொறுத்தது. கொமர்ஸ் பிள்ளைக்குக் கொழும்பில் இருப்பது உண்மையிலேயே இலாபம். படிக்கும்போதே கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி எடுக்கலாம், சீ.ஏ வகுப்புக்கும் போகலாம். கணினிக்காரருக்கும் அப்படித்தான். மருத்துவத்துக்கு இந்தக் கணக்குச் செல்லாது. யாழ்ப்பாணமோ காலிப் பக்கத்துக் கராப்பிட்டியவோ மட்டக்களப்போ, எங்கே படித்தாலும் இன்டேர்ன் அரச வைத்தியசாலையில்தான். ஆகவே மருத்துவம் வேண்டும் என்றால் ஊரைப் பார்த்து அடம் பிடிப்பது வீண்.

தரவரிசை? எங்கள் பத்திரிகைகளில் 'முதலிடம்' என்று அடிக்கடி வருவது வெபோமெட்ரிக்ஸ் பட்டியல். அதில் பெரும் பங்கு, ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு. உங்கள் பிள்ளைக்கு யார் படிப்பிக்கப் போகிறார்கள் என்பதை அது சொல்லாது. எங்கள் கடைக்கு வருகிறவர்களும் அதைப் பார்த்துப் பட்டியலை மாற்றி நான் காணவில்லை, நல்லதுதான்.

இனி என் சொந்த அபிப்பிராயம். பிள்ளை எங்கே தங்கும் என்று பார்ப்பது பிழையான அளவுகோல் என்று நான் நினைக்கவில்லை. நாலு வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்க முடிகிற இடத்தில் படிக்கிற பிள்ளை நன்றாகவே படிக்கும். ஆனால் அதை அம்மா மட்டும் தனியே இருந்து முடிவு செய்வதுதான் சரியில்லை. பேராதனையில் இறுதி வருடம் படிக்கிற ஒரு பிள்ளையுடன் பத்து நிமிடம் போனில் கதைத்தால் பாதிப் பயம் போய்விடும். பொறுமை விஷயத்தில்தான் நான் முரண்டு பிடிப்பேன். காத்திருக்கிற காலத்துக்கு ஆங்கிலமோ, ஏ.ஏ.டி கணக்கியல் கோர்ஸோ, குறுகிய கணினிக் கோர்ஸோ செய்யுங்கள், வேலைக்கும் போகலாம். மூன்று வருடப் பட்டத்துக்குக் காசைக் கட்டிவிட்டு 'சும்மா' என்று சொல்லாதீர்கள். தனியார்தான் வேண்டும் என்று தெளிவாக முடிவெடுத்துச் சேர்வது வேறு, அதில் ஒரு குறையும் இல்லை. அப்படிச் சேரும்போது பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று யூ.ஜி.சியிலேயே பாருங்கள். பொறியியல் என்றால் பொறியியலாளர் நிறுவனம், மருத்துவம் என்றால் மருத்துவ சபை ஏற்கிறதா என்றும் கேளுங்கள். மாலபேயில் சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள், பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்காமல், வருடக்கணக்காக நடுத்தெருவில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பட்டியல் அடுக்கும்போது எல்லாரும் தடுமாறுகிற ஒரு இடம்: 'இது கிடைக்காது, மேலே போட்டால் கீழே உள்ளதும் போய்விடும்' என்று நினைத்து விருப்பமானதைக் கீழே தள்ளுவது. அப்படிப் போகாது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். போன வருட வெட்டுப்புள்ளி இந்த வருடத்துக்குச் சட்டமும் இல்லை. ஆகவே விருப்பப்படி அடுக்குங்கள். கிடைத்தால் போக மாட்டேன் என்று இப்போதே தெரிகிறதைப் போடவே வேண்டாம், ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிப்பது இலேசில்லை. மொரட்டுவையில் கட்டடக்கலை மாதிரிச் சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியே உண்டு. அதற்கான அறிவித்தல் வேறாக வரும், அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பட்டியலில் முதலாவதாகப் போட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை.