நடுவருசத்தில ரீச்சர் மாறினா

கேள்வி: அக்கா, என்ர மகள் தரம் 7. ரெண்டாம் தவணை தொடங்கி மூண்டு கிழமையில அவளின்ர வகுப்பு ரீச்சர் பிரசவ லீவில போயிட்டா, கணிதமும் அவதான் எடுத்தவ. பதிலுக்கு ஆள் வரேல்லை எண்டு 7பி ஐப் பிரிச்சு பாதிப் பிள்ளையள 7ஏ யிலயும் மிச்சத்தை 7சி யிலயும் போட்டிட்டினம். இவள் 7ஏ, கூட்டாளி மற்றதில. இப்ப காலமையில வயித்துக்குத்து எண்டுறாள், கணிதக் கொப்பியைத் திறக்கிறாளே இல்லை. இவர் வேற பள்ளிக்கூடம் பாப்பம் எண்டுறார், மாமி ரியூசனுக்கு விடு எண்டுறா. என்ன செய்ய?
ஒரு அம்மா, கொக்குவில்

பதில்: தங்கச்சி, ரெண்டையும் இப்ப செய்யாதேங்கோ. ரீச்சர் போயிட்டா, வகுப்புப் போயிட்டுது, இனிப் பள்ளிக்கூடமும் போனா பிள்ளை எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?

வயித்துக்குத்தைப் பொய் எண்டு சொல்லிப் போடாதேங்கோ, இந்த வயசில கவலை கனக்கப் பேருக்கு வயித்திலதான் வரும், ஆனா சனி ஞாயிறிலயும் வந்தா டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

நான் படிப்பிச்ச காலத்தில ஒருக்கா ரெண்டாம் தவணை நடுவில வன்னிக்கு மாற்றம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்திலதான் பிள்ளையளுக்குச் சொன்னன், திங்கள் வேற ஆள். எந்தப் பாடம் எதுவரை முடிஞ்சது, ஆர் பின்னுக்கு இருந்தா போர்ட் தெரியாது எண்டுறது, ஆர் வாசிக்கச் சொன்னா நடுங்கிறது, ஒண்டையும் எழுதி வைக்காமலே போயிட்டன். அது இப்பவும் மனசுக்குள்ள கிடக்குது. அதாலதான் சொல்லுறன், மகளைப் பற்றின அந்த விபரத்தைப் புது ரீச்சரிட்டை நீங்கள் கொண்டு போய்க் குடுக்கோணும்.

எனக்குப் படுகிறது, மகளுக்குக் கூட்டாளி பிரிஞ்சது மட்டும் கவலையில்லை. இலங்கை முழுக்க அரசாங்கம் குடுக்கிற ஒரே கணிதப் புத்தகம்தான், ஆனா ஒவ்வொரு வகுப்பும் ஒரே வேகத்தில போறதில்லை. 7ஏ பின்னத்தை முடிச்சு அட்சரகணிதத்தில நிக்க இவள் பின்னமே முழுசாப் படிக்காமல் போய்க் குந்தியிருந்தா, ரீச்சர் கேக்கேக்க வாய் வராது, பிறகு கொப்பியைத் திறக்க மனமும் வராது. பழைய கொப்பியையும் 7ஏ பிள்ளை ஒண்டின்ர கொப்பியையும் பக்கத்தில வைச்சு, புத்தகத்தின்ர பொருளடக்கத்தில விடுபட்ட பாடத்தை பென்சிலால கோடு போடுங்கோ. அனேகமா ரெண்டு மூண்டு பாடம்தான் வரும். அதுக்கு ஒரு வருச ரியூசன் தேவையில்லை, பக்கத்து வீட்டில ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை ரெண்டு சனிக்கிழமை இருந்தாக் காணும்.

கோடு போட்ட புத்தகத்தோட புது வகுப்பு ரீச்சரிட்டை முதல்ல போங்கோ. எடுத்த எடுப்பில அதிபரிட்டைப் போனா ரீச்சர் தன்னைப் பற்றி முறைப்பாடு எண்டு நினைப்பா, அவவும் திடீரெண்டு கூடின பிள்ளையளோட கஷ்டப்பட்டுக்கொண்டுதான் நிப்பா. சரிவராட்டி பகுதித் தலைவர், பிறகு அதிபர். பதில் ஆசிரியர் கேக்கிறதெண்டா தனிய அலையாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தால எழுத்தில குடுக்கச் சொல்லுங்கோ. மாகாணப் பாடசாலை எண்டா வலயக் கல்விப் பணிமனைக்கு, தேசியப் பாடசாலை எண்டா ஆசிரியரைப் போடுறது மத்திய கல்வி அமைச்சு.

அதிபரிட்டை மறக்காமல் இன்னொண்டு கேளுங்கோ. அரசாங்க ஆசிரியைக்குப் பிரசவ லீவு முழுச் சம்பளத்தோட 84 வேலைநாள், லீவுநாள் எல்லாம் சேர்த்துப் பாத்தா நாலு மாசம் கிட்ட. அவ திரும்பி வரேக்க மூண்டாம் தவணையா இருக்கும். அப்ப 7பி ஐத் திரும்பச் சேர்க்கப் போகினமோ? சேர்க்கிறதெண்டா வருசம் முடியட்டும், சோதனை நெருங்கேக்க பிள்ளையள இன்னொருக்கா கிளப்ப வேண்டாம் எண்டு இப்பவே சொல்லி வையுங்கோ.

கேள்வி: மகன் தரம் 6. தவணைச் சோதனை மார்க்ஸைப் பாத்து 6ஏ யில இருந்து 6சி க்கு மாத்திப் போட்டினம். போய்ச் சண்டை பிடிக்கட்டோ?
ஒரு அப்பா, சாவகச்சேரி

பதில்: சண்டை வேண்டாம் தம்பி, ஆனா கட்டாயம் போங்கோ. ஒரு தவணை மார்க்ஸை வைச்சு தரம் 6 பிள்ளையைப் பிரிக்கிறது பிழை எண்டுதான் நான் நினைக்கிறன், அஞ்சாம் ஆண்டு ஸ்கொலஷிப் சோதனை முடிச்சு இப்பதான் புதுப் பாடங்களும் பாடத்துக்கொரு ரீச்சருமா அதுகள் பழகுதுகள். என்ன காரணம், எப்ப திரும்பப் பாப்பினம் எண்டு கேளுங்கோ. மகனுக்கு முன்னால 6சி யைக் குறைச்சுக் கதைக்காதேங்கோ, அவன் நாளைக்கும் அங்கதான் போய் இருக்கோணும்.