குயவரின் பேரன்

அன்புள்ள ஐயா,

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஆறு மாதமாக வார இறுதிகளில் மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். கூடவே மேலைக் கலை வரலாற்றையும் முறையாகப் படிக்கலாமே என்று கோம்ப்ரிக்கின் ‘தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட்’ வாங்கினேன். நூறு பக்கத்தோடு நின்றுவிட்டது. ஓவியம், சிலை, கட்டடம் என்றே போகிறது, பானைக்கு இடம் மிகக் குறைவு. வகுப்பு ஆசிரியரோ, “புத்தகமெல்லாம் வேண்டாம், கை பழகட்டும்” என்கிறார். நம் புறநானூறு குயவரை ‘கலம்செய் கோ’ என்று அழைக்கிறது. மேற்கில் அந்த மரியாதை இருந்ததே இல்லையோ? கலை வரலாற்றுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் எதிலிருந்து தொடங்கி என்னென்ன படிக்கலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? பழைய பதிப்புகள் வாங்கலாமா? என் முதல் ஜாடியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

பட்டியல் தரமாட்டேன். என்னிடம் பட்டியல் வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூடப் படித்துவிட்டேன் என்று திரும்பி வந்ததில்லை. ஆனால் நீங்கள் கலை வரலாறு ஒரு பக்கம், மண்பாண்டம் ஒரு பக்கம் என்று இரண்டு அலமாரியாகக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அது ஏன் இரண்டு அலமாரியாயிற்று என்பதைத்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் அந்தக் ‘கலம்செய் கோ’. அந்தப் பாட்டுகளில் அவரைக் கூப்பிடுவது எதற்கு? செத்தவரைப் புதைக்கப் பெரிய தாழி வனைந்து தரச் சொல்லி. கூப்பிட்டோம், சரி. உங்கள் ஊரில் வேளார் தெரு எங்கே இருக்கிறது, அங்கே இன்று எத்தனை சக்கரம் சுற்றுகிறது என்று தெரியுமா? வகுப்புக்குக் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்காவது அங்கே போய்ப் பானை வாங்கியிருக்கிறீர்களா? மரியாதையைப் பாட்டில் வைத்துவிட்டு, பானைக்கு இருபது ரூபாய் பேரம் பேசுகிற கூட்டம் நாம். இந்த லட்சணத்தில் மேற்கை அளக்கக் கிளம்பாதீர்கள்.

ஆசிரியர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி சோம்பேறித்தனம். விட்டுவிடலாம்.

கோம்ப்ரிக்கைப் பாதியில் வைத்தது உங்கள் குற்றம்தான். 1950இல் வந்த புத்தகம், பதின்வயதுப் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதியது, அதற்கு மேல் எளிமையாக எழுத முடியாது. நிறுத்துவதற்கு முன்பு ஒரு கிரேக்கச் சாடியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். யூத்திமிடீஸ் வரைந்தது. போருக்குப் புறப்படும் வீரன் கவசம் அணிகிறான். அவன் ஒரு பாதம் நம்மை நோக்கி நிற்கிறது, விரல்கள் ஐந்தும் ஐந்து சின்ன வட்டங்களாக. அதுவரை பாதத்தைப் பக்கவாட்டில்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். கலை வரலாற்றின் மகத்தான கணம் என்கிறார் கோம்ப்ரிக். எனக்கும் மறுப்பில்லை.

பாதத்தைப் பார்த்தாயிற்று. சாடியைப் பார்த்தோமா? வீரனும் பாதமும் ஒரு தாளின் மேல் இல்லை, ஒருவர் சக்கரத்தில் ஏற்றிய மண்ணின் மேல் இருக்கின்றன. ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 66 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கிரேக்கப் பெருங்கலம் இருக்கிறது. ‘எர்கோடிமோஸ் செய்தான், கிளைடியாஸ் வரைந்தான்’ என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. உலகம் அதைக் கூப்பிடுவது ஃபிரான்ஸ்வா கலம் என்று. அவர் அதைத் தோண்டி எடுத்தவர்! 1900இல் ஒரு காவலாளி ஆத்திரத்தில் முக்காலியைத் தூக்கி எறிய, அது 638 துண்டாயிற்று. மறுபடி ஒட்டினார்கள். பெயர் மட்டும் ஒட்டவில்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, திருட்டுச் சொத்து என்று தெரிந்து 2008இல் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெரிய மதுக்கலமும் இதே கதைதான். யூக்ஸிதியோஸ் செய்தது, யூஃப்ரோனியோஸ் வரைந்தது. எல்லார் வாயிலும் ‘யூஃப்ரோனியோஸ் கலம்’.

இத்தனைக்கும் இந்தக் கிரேக்கக் கலங்களில் தெரிகிற கறுப்பு, சாயமே கிடையாது. அதே மண்ணை மிக நைஸாகக் கரைத்து, தெளிய வைத்து, அந்தக் குழம்பைத்தான் பூசினார்கள். சூளைக்குள் முதலில் காற்றை விடுவார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் புகைய விடுவார்கள், எல்லாம் கறுக்கும். பூச்சு மட்டும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மறுபடி காற்றை விட்டால் மற்ற இடமெல்லாம் சிவப்புக்குத் திரும்பும், இறுகிப்போன இடத்துக்குள் காற்று நுழைய முடியாமல் அது கறுப்பாகவே நின்றுவிடும். வரைந்தவர் தூரிகையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். கறுப்பு வந்தது அதற்கப்புறம், தீ மூட்டியவரின் மூக்கும் கண்ணும் சொன்ன கணக்கில்.

இது எனக்குப் புத்தியில் ஏறியது புத்தகத்தால் அல்ல. இருபது வருடம் முன்பு புதுச்சேரிப் பக்கம் பத்து நாள் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். முதல் நான்கு நாள் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தவே வரவில்லை. ஆறாம் நாள் ஒரு குவளை எழுந்து நின்றது. இரவு முழுக்க உட்கார்ந்து அதில் மீன்கள் வரைந்தேன். செதிலெல்லாம் போட்டு. காலையில் ஆசிரியை வந்தார். கையில், இரண்டு முனையிலும் மரக்குச்சி கட்டிய மெல்லிய கம்பி. மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பியைக் குவளையின் விளிம்பில் வைத்து, வெண்ணெய் வெட்டுவதுபோல் நேராக அடிவரை இழுத்தார். இரண்டு பாதியையும் என் பக்கம் திருப்பி வைத்தார். அடியில் கட்டைவிரல் தடிமன், நடுவில் அப்பளம், விளிம்பில் மறுபடி தடிமன். உள்ளே என் விரல்கள் தடுமாறி ஏறிய தடம் வளையம் வளையமாக. “மீன் நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாணவரிடம் போய்விட்டார்.

அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை. அன்று மத்தியானம் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே அரிக்கமேட்டு ஓடுகள். அதற்கு வருகிறேன்.

கலை வரலாறு என்ற துறைக்கே வித்திட்டவர் என்று யாரைச் சொல்கிறார்கள்? வாஸாரியை. 1511இல் இத்தாலியின் அரெஸோ நகரில் பிறந்தவர், 1550இல் ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர்களின் வாழ்க்கைகளைத் திரட்டிப் பெரும் புத்தகமாகப் போட்டவர். இத்தாலியில் ‘வாஸாயோ’ என்றால் குயவர். குடும்பப் பெயர் வந்ததே அங்கிருந்துதான். அவருடைய தாத்தா சக்கரத்தில் உட்கார்ந்தவர், அவர் பெயரும் ஜியோர்ஜியோதான். அரெஸோவின் பழைய ரோமானியச் செம்மட்கலங்களின் மேல் பைத்தியமாகி, அந்தச் சிவப்பும் கறுப்பும் எப்படி வந்தன என்று தேடித் திரிந்தவர். நிலத்துக்கடியில் பழஞ்சூளையின் வளைவுகள் மூன்றைக் கண்டுபிடித்தார், கூடவே உடையாத கலங்கள் நான்கு. ஃபுளோரன்ஸைக் கையில் வைத்திருந்த மெடிசி குடும்பத்தின் லோரென்ஸோ டி மெடிசி அரெஸோ வந்தபோது அந்த நான்கையும் பரிசாகக் கொடுத்தார். மெடிசி வீட்டோடு எங்கள் குடும்பத்துக்குத் தொடர்பு உண்டானது அப்படித்தான் என்று பேரனே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பேரன்தான் பின்னால் மெடிசிகளுக்காக உஃபீஸி கட்டடத்தைத் திட்டமிட்டார். ஓவியம் பார்க்க இன்று உலகமே வரிசையில் நிற்கிறதே, அந்த உஃபீஸி. நான்கு பானையில் தொடங்கிய உறவு!

சரி, தாத்தாவுக்குப் புத்தகத்தில் எவ்வளவு இடம்? தனி அத்தியாயம் கிடையாது. கொள்ளுத்தாத்தா லாட்ஸாரோவுக்கு உண்டு, ஓவியர் என்ற பெயரில். ஆவணங்களைப் பார்த்தவர்கள் அவர் குதிரைச் சேணம் செய்தவர் என்கிறார்கள். சேணக்காரரை ஓவியராக்கி நடு வீட்டில் உட்கார வைத்துவிட்டு, குயவரை அந்த அத்தியாயத்தின் கடைசியில் சில வரிகளாகத் திண்ணையில் விட்டார் பேரன். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் வெளியே நடந்தேன். அவரைத் திட்ட முடியவில்லை. நானும் மீன் வரைந்தவன்தானே.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், 1557 வாக்கில், இத்தாலியின் கஸ்டெல் துராந்தே ஊரில் பிக்கோல்பாஸ்ஸோ என்பவர் குயவர் தொழிலைப் பற்றி மூன்று பாக நூல் எழுதினார். ஆற்று வண்டலை எப்படிப் பிடிப்பது, சக்கரம் எப்படிப் பூட்டுவது, சூளையில் எதை எங்கே அடுக்குவது, எல்லாம் படத்தோடு. வாஸாரியின் புத்தகம் அவர் காலத்திலேயே இரண்டு பதிப்புக் கண்டது. இவருடையது கைப்பிரதியாகவே கிடந்து 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. உங்கள் இரண்டு அலமாரியும் அங்கே பிரிந்தவை என்பது என் கட்சி. பேராசிரியர்கள் அடிக்க வரலாம், வரட்டும்.

அரிக்கமேடு என்றேனே. புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுகம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த இத்தாலியச் செம்மட்கல ஓடுகளுக்கு அரெட்டைன் என்று பெயர். அரெஸோவிலிருந்து வந்த பெயர். இந்த வகைக் கலங்களை வேறு ஊர்களிலும் செய்தார்கள், எனவே ஒவ்வொரு ஓடும் அரெஸோவில் சுட்டது என்று சொல்ல முடியாது. சிலவற்றில் முத்திரை உண்டு. அரெஸோப் பட்டறைகளில் முதலாளி பெயரோடு, வனைந்த அடிமையின் பெயரையும் சேர்த்துக் குத்துகிற வழக்கம் இருந்தது. கடல் தாண்டி வந்த அந்த ஓடுகளை வைத்துத்தான் வீலர் அந்த இடத்தின் காலத்தையே கணித்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று நான் பார்த்தது உடைந்த விளிம்பைத்தான். அடியிலிருந்து மேல் வரை ஒரே சீரான தடிமன்.

உங்கள் ஜாடி அழகாக இருக்கிறது. கொடியும் பூவும் பிரமாதம். ஒரு கம்பி எடுத்து அதை நடுவில் அறுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள். சுட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த ஜாடியை.

கைக்கு உதவ ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் ‘எ பாட்டர்ஸ் புக்’ போதும், 1940இல் வந்தது. சீனத்து சுங் காலக் கலங்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டு எல்லாரையும் அதட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு எதுவானாலும் சரி, எது மலிவோ அதை வாங்குங்கள்.