அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா? கடற்பாலத்தின் இரு பக்கமும் – கேள்வி பதில்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் (ஜேபி) அரசாங்க மருத்துவமனை வார்டில் தாதியாக வேலை பார்த்தேன். அப்புறம் கடற்பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையின் அட்மிஷன் கவுன்டரில், நோயாளியின் குடும்பத்தை உட்கார வைத்துச் செலவுக் கணக்கு சொல்லும் வேலை. இரண்டு நாட்டுப் பில்லையும் கையில் வைத்துப் பார்த்தவள் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்கூடாயிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நேராகவே கேட்கிறேன். மலேசியா முறை நல்லதா, சிங்கப்பூர் முறை நல்லதா?

இரண்டும் ஒரே வெள்ளைக்காரன் காலத்து முறையிலிருந்து பிரிந்தவைதான், தம்பி. 1960இல் சிங்கப்பூர் அரசாங்க மருந்தகங்களில் ஒரு தடவை வந்து போக 50 காசு என்று கட்டணம் வைத்தார்கள். ஓசியில் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. 1984இல் மெடிசேவ் வந்தது. சம்பளத்தில் வயதுக்கு ஏற்ப 8 முதல் 10.5 விழுக்காடு வரை உங்கள் பெயரிலேயே மருத்துவச் சேமிப்பாகப் போகிறது. பெரிய பில்லுக்கு 1990இல் மெடிஷீல்ட் காப்புறுதி, கட்டவே முடியாதவர்களுக்கு 1993இல் மெடிஃபண்ட். 2015இல் மெடிஷீல்ட் லைஃப் வந்து, ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்து எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் உள்ளே கொண்டுவந்தது.

மலேசியா வரிப்பணத்திலேயே நடத்துகிறது. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், ஸ்பெஷலிஸ்டிடம் 5 ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம். ஆக, மலேசியா வரிசையில் காத்திருக்கும் உங்கள் நேரத்தைக் கேட்கிறது, சிங்கப்பூர் உங்கள் சேமிப்பைக் கேட்கிறது.

என் அபிப்பிராயம் கேட்டால், கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அந்த 1 ரிங்கிட் பெரிய தைரியம். ஜேபியில் கிளினிக் காசுக்குப் பயந்து வீட்டிலேயே படுத்துக் கிடந்தவரை நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் சீக்கிரம் நடக்கும், ஆனால் உத்தேசச் செலவுத் தாளைப் பார்த்ததுமே "எனக்கு ஒண்ணும் வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று மகனிடம் சொன்ன பெரியவர்கள் உண்டு. மானியமும் மெடிஷீல்டும் மெடிசேவும் கழித்து, கையிலிருந்து எவ்வளவு என்பது அந்தத் தாளில் கடைசி வரியில் இருக்கும். அவர்கள் பார்ப்பது முதல் வரியை. இதைப் பொறுமையாக விளக்க ஆள் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர்: அப்பாவை அட்மிட் செய்யும்போது வார்டு வகுப்பு ஏ, பி1, பி2, சி என்று ஃபாரத்தில் டிக் செய்யச் சொன்னார்கள். அப்பாவுக்குக் குறை வைக்க மனசு வரவில்லை, பி1 போட்டேன். சரியா?

உங்கள் மனசு புரிகிறது. ஆனால் அந்த ஒரு டிக்தான் அப்புறம் வரும் எல்லாப் பில்லையும் தீர்மானிக்கிறது, இதைத்தான் யாரும் உரக்கச் சொல்வதில்லை. சி வார்டில் கட்டில்கள் அதிகம், ஏர்கான் இருக்காது, டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வைத்தியம் ஒன்றுதான். அதே ஆபரேஷன் அறை, அதே ஐசியூ. குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை மானியம் கிடைப்பது பி2, சி இரண்டிலும்தான். பி1இல் மிகக் குறைவு, ஏ வகுப்பில் இல்லவே இல்லை.

இன்னொன்று. அப்பா டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வருவார் இல்லையா? மானிய வார்டிலிருந்து போனால் அந்த கிளினிக்கும் மானியக் கட்டணம். பி1இலிருந்து போனால் தனியார் நோயாளி கணக்கு, மாதாமாதம். மானியத்துக்கு மாற்றிக் கேட்கலாம், மருத்துவச் சமூகப்பணியாளர் குடும்ப வருமானம் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் வார்டிலேயே அவரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து ஸ்பெஷலிஸ்டிடம் போகும்போதும் இதே விதிதான். பாலிகிளினிக் என்ற அரசாங்க கிளினிக்கின் கடிதத்தோடு போனால் மானியம், சாஸ் என்ற அரசாங்க மருத்துவ உதவி அட்டை உள்ளவர் சாஸ் கிளினிக் கடிதத்தோடு போனாலும் மானியம். நீங்களே ஃபோன் செய்து ஒரு டாக்டர் பெயரைச் சொல்லிப் பதிவு செய்தால் முழுக் கட்டணம்.

ஈப்போவிலிருந்து ஒரு அம்மா: ஜிஎச்சில் (அரசாங்கப் பொது மருத்துவமனையில்) முட்டி ஆபரேஷனுக்குச் சில ஆயிரம் ரிங்கிட் கேட்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் 5 ரிங்கிட் தானே? லஞ்சமா மிஸ்ஸி?

லஞ்சம் இல்லையம்மா. டாக்டர், ஆபரேஷன் அறை, வார்டு எல்லாவற்றுக்கும் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது. உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட்டை, அதாவது அந்தச் செயற்கை மூட்டை, நோயாளி வாங்கித் தர வேண்டும். இதய ஸ்டென்ட் மாதிரியான சாமான்களிலும் இந்தப் பிரச்சினை வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது: சப்ளையர் கொடுத்த விலைத் தாளை எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனையில் இருக்கும் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவுக்குப் போங்கள். ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு அல்லது பென்ஷன் தாள், வீட்டு வாடகை ரசீது இவற்றின் நகல் கேட்பார்கள். உங்களுக்கோ கணவருக்கோ எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்து, வயது 40 தாண்டியிருந்தால் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 மருத்துவத் திட்டத்தில் நீங்கள் தானாகவே இருக்கிறீர்கள். மருத்துவச் சாதனத்துக்கு 20,000 ரிங்கிட் வரை அதில் உண்டு, முதலில் அவர்களுடைய உடல்பரிசோதனையை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் பக்கத்தில் அந்தத் திட்டத்தில் சேர்ந்த கிளினிக்கில் இந்த வாரமே முடித்துவிடுங்கள். கடன் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நகையை வைத்த பிறகு இந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள் நம் மக்களில் நிறையப் பேர், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து: தனியார் மருத்துவமனை பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அரசாங்கம் இதைக் கட்டுப்படுத்தாதா?

பாதியைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் மருத்துவமனைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் டாக்டர் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மருத்துவமனை போடும் மற்ற கணக்குக்கு அந்த வரம்பு இல்லை. பில்லை விவரமாக அச்சிட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். டாக்டர் பெயருக்கு எதிரே இருப்பது சில வரிகள்தான். கையுறை, ஊசி, குழாய், மருந்து, கருவி வாடகை என்று பக்கம் பக்கமாக ஓடும். பில் ஏறுவது அங்கேதான். மருந்து விலையைத் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 1இலிருந்துதான் வந்தது.

தனியார் என்று சொன்னாலும் முதலாளி யார் என்று பாருங்கள். கேபிஜே மருத்துவமனைகள் ஜொகூர் மாநில அரசாங்கத்தின் ஜொகூர் கார்ப்பரேஷன் வளர்த்தவை. சிங்கப்பூரில் மவுன்ட் எலிசபெத்தை வைத்திருந்த பார்க்வே நிறுவனத்தை 2010இல் வாங்கியது நம் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா. ஒரு கையில் பொது மருத்துவமனை, இன்னொரு கையில் தனியார் மருத்துவமனையின் பங்கு. கட்டணத்தை அழுத்திப் பிடிப்பதில் இவ்வளவு தயக்கம் ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2018இல் தனியார் டாக்டர்களின் ஆபரேஷன் கட்டணத்துக்கு நியாயமான அளவு இது என்று வெளியிட்டது. மீறினால் குற்றம் இல்லை, ஆனால் உங்களிடம் கேட்ட தொகை அதிகமா என்று அமைச்சின் இணையத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜேபியில் குடியிருந்து தினமும் பாலம் தாண்டும் ஒரு தம்பி: எனக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் வேண்டுமாம். எங்கே செய்வது?

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற சிங்கப்பூர் வேலை அனுமதிகளில் எதில் இருந்தாலும் முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. முதலில் கம்பெனி எச்ஆரிடம் பாலிசி நகலைக் கேளுங்கள். வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் மானியம் கிடையாது, அதனால் காப்புறுதி ஒத்துக்கொண்ட பிறகே தேதி வாங்குங்கள். காப்புறுதி மறுத்தாலும் கவலை வேண்டாம். நீங்கள் மலேசியக் குடிமகன், வீட்டுப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி ஜிஎச்சுக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கும்போது திடீரென்று கடுமையான வலி, வாந்தி, வீக்கம் உள்ளே போகாமல் இருப்பது என்று எது வந்தாலும் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள், தேதி பார்க்காதீர்கள்.

துவாஸ் பக்கம் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி, ஊர் புதுக்கோட்டை: காய்ச்சல் என்றால் சொந்தக் காசில் போகச் சொல்கிறார் சூப்பர்வைசர்.

அவர் சொல்வது தவறு. வொர்க் பெர்மிட் தொழிலாளியின் மருத்துவச் செலவுக்கு முதலாளிதான் பொறுப்பு. விடுதியில் இருப்பவர்களுக்கென்று 2022இலிருந்து ஆரம்ப மருத்துவத் திட்டம் ஒன்று நடக்கிறது. அதற்குரிய மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஒரு தடவைக்கு உங்கள் பங்கு 5 வெள்ளிதான். வேலையிடத்தில் அடிபட்டால் அது தனிச் சட்டம், செலவும் நஷ்டஈடும் முதலாளி தலையில். அடிபட்ட அன்றே டாக்டரிடம் "வேலையில் நடந்தது" என்று சொல்லி எழுத வையுங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலை யாரிடம் கொடுத்தாலும் பரவாயில்லை. சூப்பர்வைசர் பிடிவாதம் பிடித்தால் மனிதவள அமைச்சிலோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ தமிழிலேயே பேசலாம். பயப்படாதீர்கள் தம்பி.

கிள்ளானிலிருந்து: மெடிக்கல் கார்டு (தனியார் மருத்துவக் காப்புறுதி) பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது. நிறுத்திவிட்டு ஜிஎச்சையே நம்பலாமா?

நிறுத்துவதற்கு முன் வயதையும் நோயையும் பாருங்கள். இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ வந்த பிறகு நிறுத்தினால், மறுபடி எந்தக் கம்பெனியும் அதே மாதிரி எடுக்காது. 2024 கடைசியில் இந்த உயர்வு பெரிய சத்தமாகி, மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வை ஒரே அடியாகப் போடாமல் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடச் சொன்னது. பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டும் கோ-பேமென்ட் பாலிசியும் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும், அதற்கு மாறினால் எவ்வளவு குறைகிறது என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். எல்லாவற்றையும் காப்புறுதியே கட்டிவிடும் பாலிசி இருந்தபோது தேவையில்லாத ஸ்கேன்கூட நடந்தது, பிரீமியம் ஏறியது. 2019 ஏப்ரலிலிருந்து, அடிப்படைக் காப்புறுதிக்கு மேல் வாங்கும் ரைடர் என்ற கூடுதல் பாலிசிகளில், புதியவற்றுக்கு நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள்.

சிராங்கூனிலிருந்து: மெடிசேவ் காசை வைத்து ஜேபியில் ஆபரேஷன் செய்யலாமா? அங்கே மலிவு.

2010 மார்ச்சிலிருந்து முடியும், ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இல்லை. ஏற்பாடு செய்துகொண்ட சில மலேசிய மருத்துவமனைகள்தான், அதுவும் வார்டில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர ஆபரேஷனுக்கும், சிங்கப்பூரில் அவர்களுடைய மையத்தில் முதலில் பார்த்துக் கடிதம் வாங்கிய பிறகு. நீங்களாகப் போய் அட்மிட் ஆகிவிட்டு ரசீதைக் கொண்டுவந்தால் கிடைக்காது. கண்புரை மாதிரி ஒரே நாளில் முடியும் காரியம் என்றால் யோசிக்கலாம். பிறகு பல தடவை காட்ட வேண்டிய ஆபரேஷன் என்றால் வேண்டாம் என்பேன். நடுராத்திரி காயத்தில் சீழ் வைத்தால் நீங்கள் ஓடப்போவது சிங்கப்பூர் எமர்ஜென்சிக்கு, அங்கே உள்ள டாக்டரிடம் உங்கள் ரிப்போர்ட் ஒன்றுமே இருக்காது.

பினாங்கிலிருந்து: அரசாங்க டாக்டர்களுக்குத் திறமை குறைவு என்பது உண்மையா?

இல்லை. தனியாரில் பெயர் வாங்கிய ஸ்பெஷலிஸ்டுகளில் பெரும்பாலோர் அரசாங்க வார்டில் கற்றுக்கொண்டுதான் போனவர்கள். பிரச்சினை திறமையில் இல்லை, ஆட்களை வைத்துக்கொள்ளத் தெரியாததில் இருக்கிறது. 2016 கடைசியிலிருந்து இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. 2021 ஜூலை 26 அன்று, கோவிட் உச்சத்தில், அவர்கள் வார்டைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அதற்குப் பிறகும் பலர் தனியாருக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தக் காலியிடம் இருக்கிறது.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: நான் சிங்கப்பூர்க் குடிமகள். அம்மா ஜேபியில் தனியாக இருக்கிறார், சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நீண்டகால விசாவில் இங்கே கூட்டி வந்துவிடட்டுமா?

கூட்டி வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை நியாயம். ஆனால் அந்த விசாவில் அம்மாவுக்கு மானியமும் இல்லை, மெடிஷீல்ட் லைஃபும் இல்லை. உங்கள் மெடிசேவிலிருந்து அம்மாவுக்குக் கட்டலாம், பெற்றோருக்கு அது அனுமதி. கட்டப்போவது முழுப் பில், வரம்பும் உண்டு. பக்கவாதம் மாதிரி ஒன்று வந்தால் உங்கள் சேமிப்பு கரைந்துவிடும்.

அதனால் அம்மாவின் அரசாங்க கிளினிக் அட்டையை மட்டும் கைவிடாதீர்கள். உங்களோடு வந்து தங்கினாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்கு ஜேபி போய் ரத்தப் பரிசோதனை செய்து மருந்து வாங்கி வரட்டும். மிச்ச மாதங்களுக்கான மருந்தை வேறு அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்க ஏற்பாடு இருக்கிறது, 'எஸ்பியுபி' என்று மருந்துக் கவுன்டரில் கேட்டால் புரியும். அம்மா உங்கள் அண்ணன் வீட்டுக்கு வேறு ஊர் போனாலும் அங்கேயே வாங்கலாம். மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் ஒன்றும் உங்கள் ஃபோனில் படமாக ஒன்றும் வையுங்கள். சிங்கப்பூர் எமர்ஜென்சியில் முதலில் கேட்பது அதைத்தான்.