மகனுக்கு தீயணைப்பு வேலை: ஒரு அம்மாவோட கேள்வி

கேள்வி: என் மகன் ஐடிஈ தொழிற்கல்லூரில ஹையர் நைட்டெக்னு தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்ப முடிக்கப் போறான், அடுத்து என்எஸ் (கட்டாய தேசிய சேவை), அப்புறம் தீயணைப்பு வீரராதான் ஆவேன்னு ஒரே பிடிவாதம். இதுல எதிர்காலம் இருக்கா? எனக்கு வயித்தக் கலக்குது. (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

பதில்: உங்க பயம் புரியுதும்மா, ஆனா பையன் கேக்குறது நல்ல வேலைதான். தீயணைப்பைப் பாத்துக்குற எஸ்சிடிஎஃப்-ல (சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை) ஹையர் நைட்டெக் வச்சே சேரலாம், டிகிரி இருந்தா அதிகாரி பக்கம் போற வழி தனி. என்எஸ்-ல எஸ்சிடிஎஃப் கிடைக்கும்னு மட்டும் நம்பிடாதீங்க, நாம கேட்ட இடத்துலயே போட மாட்டாங்க, கிடைச்சா அங்கிருந்தே சைன் ஆன் பண்ணி, நிரந்தர வேலையா சேந்துக்கலாம், கிடைக்கலன்னா முடிச்சிட்டு வந்து அப்ளை பண்ணலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது.

பேப்பரை விட உடம்புதான் முக்கியம். 2.4 கிலோமீட்டர் ஓட்டம், புஷ் அப், சிட் அப்னு ஐபிபிடி உடற்தகுதித் தேர்வு இருக்கு, இப்பவே ராத்திரி பரோட்டாவ குறைக்கச் சொல்லுங்க! ஜாலான் பஹார்ல இருக்குற எஸ்சிடிஎஃப் அகாடமில பயிற்சி, முதுகுல காத்து சிலிண்டர், முகத்துல மாஸ்க், உள்ள ஒரே புகை, கையால தடவித்தான் போகணும்.

இன்னொண்ணு, 995 அவசர நம்பருக்கு வர்ற போன் கால்கள்ல தீயை விட ஆம்புலன்ஸ் கால்தான் ரொம்ப அதிகம், அதனால பாராமெடிக் (ஆம்புலன்ஸ்ல வந்து அவசர சிகிச்சை தர்றவர்) வேலையையும் அவன் யோசிக்கலாம். சனிக்கிழமை காலையில தீயணைப்பு நிலையங்கள்ல ஓபன் ஹவுஸ் நடக்கும், நீங்களும் கூடப் போங்க, அங்க இருக்குற வீரர்கள்கிட்டயே கேளுங்க.